புது டெப்பின் திரையில் குறையா? கை வைக்கும் முன் இப்படிப் பாருங்கள்

அக்காவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். சூம் வகுப்புக்கும் பிடிஎஃப் குறிப்புகளுக்கும் உதவும் என்று அத்தான் அவளுக்குப் பத்து அங்குல டெப் (டேப்லட்) ஒன்று வாங்கிக் கொடுத்தார். திருகோணமலை டவுனில் ஒரு கடையில் வாங்கி, நாலு கடை தள்ளி டெம்பர்ட் கிளாஸ் ஒட்டி, கவரும் போட்டு உவர்மலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் இரவு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, இதுல ஒரு பச்சைப் புள்ளி எரியுது. துடைச்சும் போகுதில்ல."

மறுநாள் நான் போவதற்குள், யாரோ சொன்னதைக் கேட்டு அத்தான் அழிறப்பரால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்திருந்தார். பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு தழும்பும் வந்திருந்தது. கடைக்குக் கொண்டுபோனோம். "அண்ணே, இது அமத்தின அடையாளம். இதுக்கு வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டார்கள். புள்ளி மட்டும் இருந்திருந்தால் மாற்றிக் கேட்க வாய்ப்பிருந்தது. தழும்பு வந்த பிறகு பேச வழியில்லாமல் போய்விட்டது.

புதுச் சாமானில் பிழை வந்தால் அதைத் திருத்துவது விற்றவரின் வேலை. பிழை எங்கே என்று கண்டுபிடித்து, படம் எடுத்து, நாள் கடக்கமுன் கடையில் காட்டுவது நம்முடைய வேலை. கீழே நான் சொல்வது எல்லாம் அதற்காகத்தான். எந்தச் சோதனைக்கும் டெப்பைத் திறக்கத் தேவையில்லை, அழுத்தத் தேவையில்லை, முறுக்கத் தேவையில்லை.

எந்தக் குறி என்றாலும் முதலில் இது

கவரைக் கழற்றுங்கள். திரையை மெல்லிய பருத்தித் துணியால் காய்ந்தபடியே துடையுங்கள். கண்ணாடி ஒட்டியிருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புது டெப் என்றால் முதல் ஒரு கிழமைக்குக் கண்ணாடி ஒட்டாமலே வைத்திருப்பது நல்லது. ஒட்டும்போது காற்றுக் குமிழை வெளியேற்றப் பிளாஸ்டிக் அட்டையால் திரை முழுதும் அழுத்தி இழுப்பார்கள். பிறகு ஏதாவது குறை தெரிந்தால், அது முன்பே இருந்ததா, ஒட்டியபோது வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் குறை தெரியும் நேரத்திலேயே ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் வேறொரு போனுக்கு அனுப்பி அங்கே திறந்து பாருங்கள். அந்தப் போனிலும் கோடோ புள்ளியோ தெரிந்தால் பிழை மென்பொருளில் இருக்கிறது. டெப்பே அந்தப் படத்தைப் பிழையாக உருவாக்குகிறது என்று அர்த்தம். போனில் படம் சுத்தமாக இருந்து டெப்பில் மட்டும் குறை தெரிந்தால் பிழை திரையில், அல்லது திரைக்குப் போகும் இணைப்பில். ஸ்கிரீன்ஷொட்டை அதே டெப்பில் திறந்து பார்த்துவிட்டு "இதிலும் இருக்கிறதே" என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. கெட்ட திரையில் எந்தப் படத்தைத் திறந்தாலும் அந்தக் கோடு தெரியத்தான் செய்யும். மற்றப் போனில் பார்ப்பதுதான் சோதனை.

இன்னொன்று, டெப்பை நிறுத்தி மீண்டும் போடுங்கள். கம்பனியின் சின்னம் வரும் அந்த முதல் சில நொடிகளை உற்றுப் பாருங்கள். சின்னத்தோடேயே கோடு வந்தால் வன்பொருள் பக்கம் சந்தேகப்படலாம். எல்லாம் ஏறி முகப்புத் திரை வந்த பிறகுதான் வருகிறது என்றால் மென்பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். அண்ட்ரொயிட் டெப்களில் பெரும்பாலும் பவர் மெனுவில் "நிறுத்து" என்பதை அழுத்திப் பிடித்தால் பாதுகாப்புப் பயன்முறைக்குப் போகலாம். அதில் நாம் இறக்கிய செயலிகள் ஓடாது. அங்கே குறை மறைந்தால் கடைசியாக இறக்கிய செயலியை நீக்கிப் பாருங்கள். ஐபேடில் இந்த வசதி இல்லை.

ஒரு புள்ளி மட்டும் எரிகிறது, அல்லது கறுத்து நிற்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பேர் குழம்புவது இதில்தான்.

முதலில் அது தூசியா என்று பாருங்கள். புள்ளியைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் அசையுங்கள். தூசி கண்ணாடியின் மேல், அல்லது ஒட்டிய படலத்தின் அடியில் இருக்கும். அதனால் தலையை அசைக்கும்போது கீழே உள்ள எழுத்தை விட்டு விலகுவது போலத் தெரியும். திரைப் புள்ளி (பிக்சல்) எழுத்தோடேயே நிற்கும். அளவும் உதவும். 1920க்கு 1200 புள்ளி கொண்ட பத்து அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.11 மில்லிமீற்றர்தான். கண்ணால் வடிவம் சொல்லக் கூடிய அளவுக்குப் பெரிதாக இருந்தால் அது தூசியோ குமிழோதான்.

தூசி இல்லை என்றால் நிறச் சோதனை. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறம் நிறைந்த ஐந்து படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை விடப் படமே நல்லது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, தானாக வெளிச்சம் மாறுவதையும் இரவு ஒளியையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு படத்தையும் திரை நிறையத் திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு கீற்றுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எரிந்தபடி நின்றுவிடலாம், அல்லது எரியாமலே போய்விடலாம். மருமகளின் டெப்பில் பச்சைக் கீற்று எரிந்தபடி நின்றது. அது கறுப்புப் படத்தில் பச்சையாகத் தெரிந்தது. சிவப்புப் படத்தில் மஞ்சளாகவும் நீலப் படத்தில் வெளிர்நீலமாகவும் தெரிந்தது. வெள்ளையிலும் பச்சையிலும் தேடியும் கிடைக்கவில்லை. இதனால்தான் கடையில் வெள்ளை முகப்பைப் பார்த்து "நல்ல கிளியர்" என்று வாங்கி வந்த ஒன்றில், இரவில் கறுப்புப் பின்னணியோடு படிக்கும்போதுதான் புள்ளி கண்ணில் பட்டது. கீற்று செத்துப்போயிருந்தால் இது தலைகீழாக நடக்கும். பச்சை எரியாவிட்டால் பச்சைப் படத்தில் கறுப்பாகவும் வெள்ளைப் படத்தில் ஊதாச் சிவப்பாகவும் தெரியும். மற்ற மூன்றிலும் மறைந்துவிடும். கறுப்பைத் தவிர நான்கிலும் கறுத்து நின்றால் மூன்று கீற்றுமே போய்விட்டன, முழுப் புள்ளியும் செத்தது. அது இனி வராது.

எரிந்தபடி நிற்கும் கீற்று சில நேரம் தானாகவே விட்டுவிடும். நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் செயலிகளை ஓடவிட்டும் சிலருக்குப் போயிருக்கிறது. புது டெப்பில் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். மாற்றித் தரும் நாட்கள் முடியும்வரை மறைந்திருந்துவிட்டு, பிறகு அதே இடத்தில் திரும்ப எரியத் தொடங்கினால் நீங்கள் கேட்க முடியாது. வாரண்டி எல்லாம் முடிந்த பழைய டெப்பில் செய்து பார்ப்பதாக இருந்தால், திரையைக் கவிழ்த்து வையுங்கள். அந்த நிற மின்னல், வலிப்பு வருத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. விரலாலோ அழிறப்பராலோ அழுத்துவதைப் புதிதிலும் செய்யாதீர்கள், பழையதிலும் செய்யாதீர்கள். அத்தானின் தழும்பு எப்படி வந்தது என்று கீழே சொல்கிறேன்.

இனி, ஒரு புள்ளிக்கு மாற்றித் தருவார்களா என்ற கேள்வி. 1920க்கு 1200 திரையில் 23 இலட்சத்து 4 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. கீற்றாகக் கணக்கிட்டால் 69 இலட்சத்து 12 ஆயிரம். அத்தனையும் பிழையின்றி வருவது கஷ்டம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற தர விதி, இரண்டாம் வகுப்புத் திரையில் பத்து இலட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிபவை 2, எப்போதும் கறுத்தவை 2, கீற்றுப் பிழைகள் 5 வரை இருக்கலாம் என்று விட்டிருந்தது. 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்துக்கு வந்தது. இப்போது ஒவ்வொரு கம்பனிக்கும் தனக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆகவே ஒற்றைப் புள்ளிக்குச் சேவை நிலையம் "இது வரம்புக்குள்" என்று திருப்பி அனுப்பலாம். விற்ற கடை அப்படி இல்லை. வாங்கி இரண்டு மூன்று நாளுக்குள், கீறல் இல்லாத டெப்பை, பெட்டி சாமான்களோடு கொண்டுபோனால் மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அதனால் புள்ளிப் பிழைக்கு முதலில் போக வேண்டிய இடம் கடைதான், அதுவும் சுறுக்காக.

ஓரத்தில் வெள்ளைத் திட்டு, மூலையில் வெளிச்சம்

எல்சிடி திரைக்குச் சொந்தமாக ஒளி இல்லை. ஓரத்தில் உள்ள சிறு விளக்குகளின் ஒளி ஒரு தட்டுக்குள் போய், அதன் மேலுள்ள மெல்லிய தாள்கள் வழியாகத் திரை முழுதும் பரவுகிறது. அந்தத் தாள்களில் அழுத்தம் விழுந்தால் அந்த இடம் மட்டும் அதிக ஒளியை விடும். அதுதான் வெள்ளைத் திட்டு. அத்தான் அழுத்தியதும் இந்தத் தாளைத்தான். புத்தகங்களோடு ஒரே பையில் திணித்துக் கொண்டுபோவதாலும் இது வரும், பொதி செய்து ஏற்றி இறக்கும்போதும் வரலாம். கொழும்பிலிருந்து நம் ஊருக்குக் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். பார்சலாக வந்த டெப் என்றால் பெட்டியின் மூலைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, பெட்டியையும் படம் எடுத்து வையுங்கள்.

வெள்ளைத் திட்டு வெள்ளை அல்லது சாம்பல் படத்தில் நன்றாகத் தெரியும். முதல் நாளே பாருங்கள். சில நாள் கடந்தால் "நீங்கள் அழுத்தியிருப்பீர்கள்" என்ற பேச்சு வந்துவிடும். அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

மூலையில் கசியும் வெளிச்சம் வேறு. அதற்கு இரவில் அறையை இருட்டாக்கி, கறுப்புப் படத்தைத் திறந்து, வெளிச்சத்தைப் பாதியில் வைத்துப் பாருங்கள். தலையை அசைத்தால் அந்த ஒளியும் இடம் மாறி, நேரே பார்க்கும்போது குறைந்தால் அது ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி திரையின் இயல்பு. அந்த வகைத் திரை எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில் கீற்றாக நின்றால் அது கசிவு. படம் எடுக்கும்போது போன் கமரா இருட்டில் ஒளியைக் கூட்டிக் காட்டும். கமராவின் வெளிச்ச அளவைக் குறைத்து, கண்ணுக்குத் தெரிவது போலவே எடுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் படத்தையும் டெப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள் என்றே நினைப்பார். சாதாரண வெளிச்சத்தில் படமோ பாடமோ பார்க்கும்போது தெரியாத கசிவுக்காக நான் அலையமாட்டேன். பகலிலேயே கண்ணில் படுகிறது என்றால் மாற்றிக் கேளுங்கள்.

ஓலெட் திரையில் பின்னொளியே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. அதனால் இந்த இரண்டு குறையும் அதில் வராது. அதில் பார்க்க வேண்டியது, இருட்டில் வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்துச் சாம்பல் படத்தைத் திறக்கும்போது ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் ரோஸாகவும் தெரிகிறதா என்பதைத்தான்.

கோடு விழுந்திருக்கிறது

மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய நிறக் கோடு, ஸ்கிரீன்ஷொட்டில் இல்லை, சின்னம் வரும்போதே தெரிகிறது. இந்த மூன்றும் பொருந்தினால் வேறு சோதனை தேவையில்லை. திரையின் விளிம்பில் மயிரிழை போன்ற இணைப்புகளால் ஒட்டப்பட்ட நாடா ஒன்று இருக்கிறது. மேலிருந்து கீழாகப் போகும் ஒவ்வொரு புள்ளி வரிசைக்கும் (நிரலுக்கும்) அதில் ஒரு வழி. அந்த ஒட்டில் ஒன்று விட்டாலும் அந்த நிரல் முழுதும் கோடாகிவிடும். அது வீட்டில் திருந்தாது. இன்று ஒரு கோடு, அடுத்த மாதம் நாலு என்று கூடவும் கூடும். டெப்பை இலேசாக முறுக்கினால் கோடு மறைகிறது என்று சிலர் செய்து காட்டுவார்கள். மறைவது உண்மையாக இருக்கலாம், ஆனால் அப்படி முறுக்குவது ஒட்டை இன்னும் விடுவிக்கும்.

பாதித் திரை கறுத்தோ நடுங்கியோ நின்றால், உள்ளே இணைப்பான் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. "திறந்து அமத்திவிட்டா சரி" என்று ரிப்பயார் கடையில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் புது டெப்பைத் திறந்த அடையாளம் தெரிந்தவுடன் வாரண்டி போய்விடும். வாரண்டி உள்ளவரை திறக்க விடாதீர்கள்.

ஒரு செயலியில் மட்டும் கோடும் சதுரமும் சிதறினால் அது பெரும்பாலும் மென்பொருள். டெப்பின் மென்பொருளைப் புதுப்பித்து, செயலியையும் புதுப்பித்துப் பாருங்கள். புதுப் பெட்டியைத் திறந்தவுடன் பழைய பதிப்புத்தான் இருக்கும். நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில் இதை முதலில் செய்துவிடுவது பல தொல்லையைக் குறைக்கும்.

தானாகவே தொடுகிறது, அல்லது தொட்டால் கேட்கவில்லை

எழுத்து தானாக அடிபடுகிறது, செயலிகள் தானாகத் திறக்கின்றன. பார்த்தால் பயம்தான் வரும். வங்கிச் செயலி இருந்தால் முதலில் அதிலிருந்து வெளியேறிவிடுங்கள். அப்புறம் சார்ஜரைக் கழற்றுங்கள்.

சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் டெப் நல்லது, சார்ஜர்தான் கெட்டது. தொடுதிரை, விரல் கிட்ட வரும்போது மின்தேக்கத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தை அளந்துதான் தொடுதலை அறிகிறது. மலிவான சார்ஜர் தன் மின் இரைச்சலையும் அதே வழியாகத் திரைக்குள் விட்டால், எது விரல் எது இரைச்சல் என்று அதற்குப் புரியாது. சதுர முனை பிளக் போட்டிருந்தால் நிலத் தொடுப்பு (எர்த்) இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல சார்ஜர்களின் மூன்றாவது முனை வெறும் பிளாஸ்டிக், சொக்கெட்டின் மூடியைத் திறக்க மட்டும்தான் பயன்படும். இப்போது பல டெப்கள் பெட்டிக்குள் சார்ஜர் இல்லாமலே வருகின்றன. கடையில் கையில் கிடைத்த ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். தெரிந்தவரிடம் உள்ள நல்ல கம்பனிச் சார்ஜரை ஒரு மணி நேரம் வாங்கிப் போட்டுப் பாருங்கள். மறுநாள் கடையில் சார்ஜரை மட்டும் மாற்றினால் போதும்.

பற்றரியில் ஓடும்போதும் வருகிறதா? நம் ஊரின் காற்றையும் கணக்கில் எடுங்கள். மாலையில் டச் பே கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்தால் கைமுகமெல்லாம் பிசுபிசுக்கும். அது உப்பும் ஈரமும். உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும், திரையில் படலமாகப் படிந்தால் அதுவே விரல் போல வேலை செய்யும். டெப்பை நிறுத்தி, நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் ஒருமுறையும் காய்ந்த துணியால் மறுமுறையும் துடைத்து, மின்விசிறி உள்ள அறையில் பாருங்கள். ஒட்டிய கண்ணாடியின் ஓரம் கிளம்பியிருந்தால் அதையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் ஆதாரம் சேர்க்கலாம். அண்ட்ரொயிட் டெப்பில் செட்டிங்ஸ் போய், டெப்பைப் பற்றிய பகுதியில் பில்ட் இலக்கத்தை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் சுட்டியின் இடத்தைக் காட்டும் வசதியை (பொயின்டர் லொகேஷன்) போடுங்கள். இனித் திரையில் எங்கே தொடுதல் பட்டாலும் கோடாக வரையும். டெப்பை மேசையில் வைத்து, யாரும் தொடாமல், மற்றப் போனால் வீடியோ எடுங்கள். கை படாமலே கோடு கோடாக ஓடுவது அந்த வீடியோவில் இருந்தால், அதற்கு மேல் கடையில் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

தொட்டால் கேட்காத இடத்தையும் இதே வசதியால் கண்டுபிடிக்கலாம். விரலை எடுக்காமல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக நெருக்கமாக இழுத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பட்டையில் கோடு அறுந்தால் அந்தப் பட்டை வேலை செய்யவில்லை. பிள்ளைகள் இதை விளையாட்டு போலச் செய்து தருவார்கள்.

திரை துடிக்கிறது, நிறம் ஒரு மாதிரி இருக்கிறது

வெளிச்சம் கூடிக் குறைந்தால் தானியங்கி வெளிச்சத்தை நிறுத்துங்கள். சார்ஜ் போடும்போது மட்டும் துடித்தால் மேலே சொன்ன சார்ஜர் கதைதான். போன் கமராவில் பார்க்கும்போது மட்டும் பட்டை பட்டையாக ஓடினால், கண்ணுக்குத் தெரியாதவரை அது குறை இல்லை. வெளிச்சத்தைக் குறைக்கச் சில திரைகள் மிக வேகமாக அணைந்து எரிகின்றன, கமரா அதைப் பிடித்துவிடுகிறது. அதனால் தலைவலி வருகிறவர்கள் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பாருங்கள்.

மஞ்சளாகத் தெரிந்தால் இரவு ஒளி, கண் பாதுகாப்பு, ஐபேடில் ட்ரூ டோன் ஆகியவற்றை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அத்தோடு சரி. வீட்டிலுள்ள மற்ற டெப்பை விடக் கொஞ்சம் மஞ்சள் என்பது பிழையாகாது. ஒரே திரையின் இடப் பக்கம் ஒரு நிறம், வலப் பக்கம் வேறு நிறம் என்றால் அது பிழை.

படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் போடும் போலரைஸ்ட் குளிர்க்கண்ணாடியோடு பார்த்தால், டெப்பைத் திருப்பும்போது திரை முழுதும் கறுத்துப்போகலாம். கண்ணாடியைக் கழற்றினால் சரியாகிவிடும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓட்டோவின் முன் தட்டிலோ ஜன்னலோரத்திலோ வைத்த டெப், தானாக வெளிச்சத்தைக் குறைப்பதும் பிழையில்லை. ஐபேடை 35 பாகை செல்சியஸ் வரையுள்ள சூழலில் பாவிக்கும்படிதான் அப்பிள் சொல்கிறது. நம் ஊரில் அதைத் தாண்டும் பகல்கள் உண்டு. நிழலில் வைத்து ஆறவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோர்த்துவிடும்.

சத்தம் வருகிறது, படம் இல்லை

முதலில் அரை மணி நேரம் சார்ஜ் போடுங்கள். அப்புறம் பவர் விசையையும் சத்தம் குறைக்கும் விசையையும் சேர்த்துச் சுமார் இருபது நொடி பிடியுங்கள். பல அண்ட்ரொயிட் டெப்கள் இதில் மீண்டும் தொடங்கும். முகப்புப் பொத்தான் இல்லாத ஐபேடில் சத்தம் கூட்டும் குறைக்கும் விசைகளில் மேல் விசைக்குக் கிட்ட உள்ளதை ஒருமுறை தட்டி, மற்றதையும் ஒருமுறை தட்டி, மேல் விசையைச் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும். இன்னும் கறுப்பு என்றால் இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைத் திரையின் மேல் சரிவாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் எல்சிடி வேலை செய்கிறது, பின்னொளிதான் இல்லை. எதுவாக இருந்தாலும் இது கடைக்குப் போக வேண்டிய சாமான்.

கடைக்குப் போகும்போது

பெட்டி, உள்ளே இருந்த கேபிள், பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பற்றுச்சீட்டில் டெப்பின் தொடரிலக்கம் எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். இல்லை என்றால் அன்றே எழுதிக் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. வாரண்டி அட்டையில் கம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா, டிஸ்பிளேயை விலக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சிம் போடும் டெப் என்றால், பணம் கொடுக்க முன் ஐஎம்இஐ (ஆங்கிலத்தில் IMEI) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டெப்பின் 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும்.

குறை கண்ட அன்றே கடைக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு ஒரு செய்தி அனுப்புங்கள். "நேற்று வாங்கிய டெப், இன்று கறுப்புப் படத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறது, நாளை காலை கொண்டு வருகிறேன்" என்ற அளவு போதும். நேரமும் திகதியும் அதிலேயே பதிந்துவிடும். கடையில் சத்தம் போடத் தேவையில்லை. ஐந்து நிறப் படங்களையும் அவர்களின் கையாலேயே திறக்க வையுங்கள். தாங்களே கண்டால் மறுப்பது கஷ்டம்.

அவர்கள் மறுத்தால், பிழையோடு விற்ற பொருளுக்கு நம் நாட்டில் சட்டம் பழையதும் உண்டு, புதியதும் உண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே விற்பனைக்கு உகந்த தரம் என்ற நிபந்தனை இருக்கிறது. முறைப்பாடு செய்ய வேண்டிய இடம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை. தொலைபேசி 1977. எழுத்து முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சேவை நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த கிழமை வரும் என்று சொல்லிச் சொல்லியே அந்த மூன்று மாதம் ஓடிவிடலாம். திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

மாற்றிக் கொடுத்தால், அந்தப் புதியதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்காதீர்கள். கவுண்டரிலேயே பெட்டியைத் திறந்து, ஐந்து நிறப் படங்களையும் புளூடூத்தில் அனுப்பித் திறந்து, மேசைக்குக் கீழே நிழலில் பிடித்துக் கறுப்பை ஒருமுறை, வெளியே வெளிச்சத்தில் வெள்ளையை ஒருமுறை பாருங்கள். ஐந்து நிமிடம் போகும். மருமகளின் தோழி ஒருத்திக்குப் போன மாதம் அவள் தகப்பனோடு நானும் போனேன். இரண்டாவதாக எடுத்துத் தந்த டெப்பில் சிவப்புப் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கடைத் தம்பி தானே அதைக் கண்டு, எதுவும் சொல்லாமல் மூன்றாவது பெட்டியை எடுத்தார்.